போலிஷ் நீள்சொற்களை அசை பிரித்தல்: ஒரு செய்முறைப் பதிவு

போலந்தில் குடியேறிய பெரியவர்களுக்கான மாலை மொழி வகுப்பு ஒன்றுக்கு, குறுகிய இரட்டைப் பத்திகளில் அமைந்த வாசிப்புக் கையேட்டை நான் பக்கம் கோத்துத் தர வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு தேவைகள் இருந்தன. பத்தி குறுகலானது என்பதால் நீண்ட சொற்கள் வரி முடிவில் சரியான இடத்தில் முறிய வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் கீழும், அப்பாடத்தில் வரும் நீண்ட சொற்கள் அசை அசையாகப் பிரிக்கப்பட்டு, அழுத்தம் பெறும் அசை தடித்த எழுத்தில் அச்சாக வேண்டும். பக்க அமைப்பு மென்பொருளில் போலிஷுக்கான சொல்முறிப்பு வசதி உண்டு. ஆனால் அது வரியை முறிக்கத் தகுந்த இடங்களை மட்டுமே தரும். அசை அனைத்தையும் படிப்பவருக்குக் காட்டாது, அழுத்தத்தையும் அறியாது. ஆகவே பைத்தானில் சிறிய பிரிப்பான் நிரல் ஒன்றை எழுதினேன். ஒரு போலிஷ் சொல்லில் எத்தனை அசை என்பதை ஒலியே சொல்லிவிடுகிறது என்பதும், அசைகளுக்கிடையே எங்கே வெட்டுவது என்பதை அந்தச் சொல் பிறந்த விதம்தான் சொல்கிறது என்பதும் அந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் எனக்கு உறுதிப்பட்டன.

அசை என்று நான் இங்கே குறிப்பது யாப்பின் நேரசையையும் நிரையசையையும் அன்று. ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்ட ஒலிக்கூற்றை மட்டுமே. போலிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். போலிஷின் லத்தீன் எழுத்துகளை ஏ, ஈ, ஐ, இசட் என அவற்றின் ஆங்கிலப் பெயர்களால் சுட்டுகிறேன். அம்மொழியில் ஷகரச் சாயல் கொண்ட ஒலிகள் இரண்டும், ஜகரச் சாயல் கொண்டவை பலவும் உள்ளன. அவற்றின் நுண் வேறுபாட்டை இங்கே காட்ட முயலவில்லை. குறுக்குக் கோடிட்ட எல் எழுத்து வகரமாக ஒலிக்கிறது. வால் கொண்ட ஏ, ஈ எழுத்துகள் மூக்கொலி பெற்ற ஒகர, எகரங்களாக ஒலிக்கின்றன. ஐ, ஒய் என்னும் இரு உயிரெழுத்துகளையும் இகரமாகவே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை எழுத்துகளை ஒலிகளாக மாற்றுவது. போலிஷ் நெடுங்கணக்கில் 32 எழுத்துகள். அவற்றுள் உயிர் ஒன்பது. இவை போக, இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒரே ஒலியைக் குறிக்கும் இணையெழுத்துகள் ஏழு உள்ளன: சி-எச், சி-இசட், எஸ்-இசட், ஆர்-இசட் ஆகிய நான்கும், டி எழுத்துடன் மூவகை இசட்டும் சேர்ந்து தரும் மூன்றும். இவற்றை ஒருபோதும் நடுவில் முறிக்கக் கூடாது. எனவே நிரல் ஒரு சொல்லைக் கையில் எடுத்தவுடன் ஒவ்வோர் இணையெழுத்தையும் நீக்கிவிட்டு அதனிடத்தில் ஒற்றைக் குறியை வைக்கிறது. வேலை முடிந்தபின் பழைய எழுத்துகளைத் திருப்பித் தருகிறது. வண்டு என்று பொருள்படும் ‘ஹ்ஷொன்ஷ்ச்’ என்ற சொல்லில் இதன் பயன் கண்கூடு. ஒன்பது எழுத்துகளால் ஆன அந்தச் சொல், இணையெழுத்துகளைச் சுருக்கியபின் ஐந்து ஒலிகளாகிறது. அந்த ஐந்தில் உயிர் ஒன்றே. ஆகவே அது ஓரசைச் சொல். வரி முடிவில் எவ்வளவு இடநெருக்கடி வந்தாலும் அதை முறிக்க முடியாது, முழுதாக அடுத்த வரிக்குத்தான் இறக்க வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே யூனிகோடு தொடர்பான ஒரு தடங்கல் வந்தது. பாடங்களில் சில பிடிஎஃப் கோப்புகளிலிருந்து நகலெடுக்கப்பட்டவை. அவற்றில், உகரமாக ஒலிக்கும் மேற்குறி பெற்ற ஓ எழுத்து சில இடங்களில் ஒரே குறியீடாகவும், சில இடங்களில் வெறும் ஓவும் தனியே ஒரு மேற்குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நிரலுக்கோ முதலாவது உகரம், இரண்டாவது ஒகரமும் அறியாத ஒரு குறியும். எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்கு இயல்பாக்கிய பின்னரே மேலே சென்றேன். குறுக்குக் கோடிட்ட எல்லுக்கு மட்டும் இத்தொல்லை இல்லை. யூனிகோடில் அதற்குப் பிரிந்த வடிவமே கிடையாது.

அடுத்தது ஐ எழுத்து. மெய்க்கும் உயிருக்கும் நடுவில் அது நின்றால், தனக்கென அசை பெறாமல் முந்திய மெய்யை மென்மையாக்குவதோடு நின்றுவிடுகிறது. இல்லை என்று பொருள்படும் ‘ன்யெ’ என்ற சொல்லில் ஐயும் ஈயும் அடுத்தடுத்து நின்றாலும் அசை ஒன்றுதான். வரலாற்றைக் குறிக்கும் சொல் ‘ஹி-ஸ்தொ-ர்ய’, மூன்றே அசைகள். ஆனால் உயிருக்குப் பின் வரும் ஐ தனி அசையாகும்: தெரிவித்தல் என்னும் வினை ‘பொ-இன்-ஃபொர்-மொ-வச்’. 

யு எழுத்தின் நடத்தை இதைவிட நுட்பமானது. கார் என்று பொருள்படும் ‘அவ்-தொ’ என்ற சொல்லில் ஏயும் யுவும் ஒன்றாகி ஓரசையாகின்றன. அதே ஏயும் யுவும் கல்வி, அறிவியல் என்று பொருள்படும் சொல்லில் பிரிந்து நின்று ‘ந-உ-க’ என மூன்றசையாகின்றன. ஆசிரியர் ‘ந-உ-சி-செல்’ என நான்கசை பெறுகிறார். எழுத்தை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டை எந்த நிரலாலும் சொல்ல முடியாது. ‘நஉக’ என்பது கற்றலைக் குறிக்கும் வினையடிக்கு முன் ‘ந’ என்ற முன்னொட்டு வந்து பிறந்த சொல். முன்னொட்டின் உயிரும் அடிச்சொல்லின் உயிரும் எல்லைக்கு இரு பக்கமும் நிற்கின்றன. ‘அவ்தொ’ வேற்றுமொழியிலிருந்து முழுதாக வந்த சொல். அதற்குள் எல்லை எதுவும் இல்லை.

அசை எண்ணிக்கையைச் சரிபார்க்கத் தமிழ் எழுத்தே எனக்கு நம்பகமான கருவியாக அமைந்தது. நிரல் ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்படி தமிழ் எழுத்துக்கு மாற்றுகிறது. மென்மையாக்கும் ஐ வருமிடத்தில் மெய்க்குப் புள்ளியும் அடுத்து யகரமும் வைக்கிறது. அதன்பின் புள்ளி பெறாத எழுத்துகளை எண்ணினால் போதும். அதுவே அசைகளின் எண்ணிக்கை. உயிரும் உயிர்மெய்யும் தலைக்கு ஓர் அசை, ஒற்றுக்கு எதுவும் இல்லை. ‘ஹ்ஷொன்ஷ்ச்’ என்ற சொல்லில் புள்ளியில்லாத எழுத்து ‘ஷொ’ ஒன்றே. லத்தீன் எழுத்தில் கண்ணுக்கு எளிதில் அகப்படாத ஒன்று, உயிர்மெய் எழுத்தில் தானாகவே வரிசைப்பட்டு நிற்கிறது. நிரலின் உயிர்க்கணக்கும் தமிழ்ப் பெயர்ப்பின் கணக்கும் ஒத்துப்போகாத சொற்களைத் தனிப் பட்டியலாக எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் அவை யு எழுத்தின் சிக்கல்களே.

எண்ணிக்கை முடிந்தது. இனி எங்கே வெட்டுவது?

இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரே மெய் இருந்தால் அது பின் அசையோடு சேரும். ஒரே மெய் இரட்டித்து வந்தால் நடுவில் வெட்ட வேண்டும். பெண்ணைக் குறிக்கும் சொல் ‘பன்-ன’ ஆகிறது. இவை எளியவை. மெய்கள் பல கூடி நிற்கும் இடம்தான் போலிஷின் உண்மையான களம். பல மொழிகளில், சொல்லின் முதலில் வரக்கூடிய மெய்க்கூட்டம் எது என்று பார்த்து, அந்த அளவுக்குப் பின் அசைக்குக் கொடுத்துவிட்டால் வெட்டும் இடம் கிடைத்துவிடும். போலிஷில் இந்த வழி பெரிதும் உதவாது. அங்கே சொல்லின் முதலில் ஏறக்குறைய எந்தக் கூட்டமும் வரும். பாதரசம் ‘ர்தென்ச்’, மூடுபனி ‘ம்க்வ’, சிங்கங்கள் ‘ல்வி’, புல்லின் தாள் ‘ஜ்ச்ப்வொ’. முதலில் வர முடியாதது என்று ஒன்று இல்லாதபோது, வெட்டுவதற்கான இடத்தை ஒலி எப்படிச் சொல்லும்? எழுத்திலக்கண விதிகளும் இதை ஒப்புக்கொள்கின்றன. சகோதரியைக் குறிக்கும் சொல்லை ‘ஷொ-ஸ்த்ர’, ‘ஷொஸ்-த்ர’, ‘ஷொஸ்த்-ர’ என மூன்று விதமாக முறித்தாலும் சரியே. இத்தகைய இடங்களில், கையேட்டுக்கு நடுவழியை எடுத்துக்கொண்டேன். வாயில் பழகாதவர் ஒரு மெய்யை முன் அசையில் வைத்து முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும்போது தடுமாற்றம் குறைகிறது என்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முன்னொட்டு உள்ள சொல்லில் இந்தச் சுதந்திரம் கிடையாது. முன்னொட்டு முடியும் இடம் வெட்டும் இடமாகவே இருக்க வேண்டும். தயவுதாட்சணியமற்ற என்று பொருள்படும் ‘பெஸ்-வ்ஸ்க்லென்த்-னி’ என்ற சொல்லில் முதல் உயிருக்கும் அடுத்த உயிருக்கும் நடுவே ஐந்து மெய்கள் வரிசையாக நிற்கின்றன. ‘இன்றி’ என்ற பொருள் தரும் ‘பெஸ்’ என்பது முன்னொட்டு என்று தெரிந்தவருக்கு அங்கே ஒரே ஒரு வெட்டுதான் கண்ணில் படும். தெரியாதவருக்கு அந்த வரிசை கடக்க முடியாத முள்வேலி.

முன்னொட்டைப் பொருத்தவரை என்னை வெகுநேரம் பிடித்து வைத்தவை எழுத்தளவில் ஒன்றாகத் தொடங்கிப் பிரிப்பில் பிரியும் இணைகள். நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லும், விண்ணுக்குரிய என்னும் பொருளுள்ள சொல்லும் முதல் ஆறு எழுத்துகளில் அப்படியே ஒன்று: என், ஏ, டி, இசட், ஐ, ஈ. முன்னது ‘ந-ஜெ-ய’, அங்கே டியும் இசட்டும் ஓர் இணையெழுத்து, பிரிக்கக் கூடாது. பின்னது ‘நத்-ஜெம்-ஸ்கி’, மேலே என்று பொருள்படும் ‘நத்’ என்ற முன்னொட்டின் கடைசி எழுத்து டி, நிலத்தைக் குறிக்கும் அடிச்சொல்லின் முதல் எழுத்து இசட். இரண்டும் அருகருகே நிற்கின்றனவே தவிர ஒன்றல்ல. ஆர்-இசட்டுக்கும் இப்படி ஓர் இணை உண்டு. கனவு ‘ம-ஜெ-ன்யெ’, குளிரில் உறைதல் ‘மர்-ஸ்நொன்ச்’. முதல் நான்கு எழுத்துகள் இரண்டிலும் அவையே. முன்னதில் ஆரும் இசட்டும் ஒரே ஒலி, பின்னதில் ரகரம் தனி, சகரச் சாயலுள்ள ஒலி தனி. ஆடை ‘ஒ-ஜெஷ்’, அறைகூவலுக்கு மறுமொழியாக வரும் குரல் ‘ஒத்-ஸெஃப்’. பயணம் ‘பொ-த்ருஷ்’, போலியாகச் செய்தல் ‘பொத்-ரொ-பிச்’. பயணத்தில் இருப்பது ‘பொ’ என்ற முன்னொட்டும் சாலையைக் குறிக்கும் அடியும். போலி செய்தலில் இருப்பது ‘பொத்’ என்ற முன்னொட்டும் செய்தல் என்ற அடியும். இந்தக் கடைசி இணையைக் கண்டபோது நிரலில் முன்னொட்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை என்பது விளங்கியது. பி, ஓ, டி என்று தொடங்கும் சொல்லை எங்கே வெட்டுவது என்பது அடுத்து வரும் அடி எது என்பதைப் பொறுத்தது.

சொற்களின் உறுப்புகளை வேறு கருவியிடமிருந்து பெற முடியுமா என்று பார்த்தேன். போலிஷ் அறிவியல் கழகத்தின் கணினியியல் நிறுவனத்தில் உருவான மொர்ஃபெஉஷ் என்னும் உருபன் பகுப்பான் நன்கு பெயர் பெற்றது. ஆனால் அது வேற்றுமை, எண், பால், காலம் போன்ற திரிபுகளைப் பகுக்கும் கருவி. ‘நத்-ஜெம்-ஸ்கி’ எந்தச் சொல்லின் எந்த வேற்றுமை வடிவம் என்று சொல்லும், அதற்குள் ‘நத்’ இருக்கிறது என்று சொல்லாது. நம் பகுபத உறுப்பிலக்கணத்தின் மொழியில் சொன்னால், வேற்றுமை காட்டும் விகுதியைக் கழற்றித் தரும், பகுதிக்குள் நுழையாது.

ஆகவே 1983-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க்ளின் லியாங் தம் முனைவர் ஆய்வில் வகுத்த முறைக்கே வந்து சேர்ந்தேன். டெக் அச்சுக்கோப்பு நிரலில் சொல்முறிப்பு இன்றும் அந்த முறையில்தான் நடக்கிறது; போலிஷுக்கான வடிவத் தொகுப்பை 1987-இல் ஹன்ன கொவொஜெய்ஸ்க அமைத்தார், பின்னர் பொகுஸ்வஃப் யட்ஸ்கொஃப்ஸ்கியும் மரெக் ரிச்கொவும் அதைச் செப்பனிட்டார்கள். முறை எளிமையானது. சிறு சிறு எழுத்துக்கோவைகளை எழுதி, அவற்றின் எழுத்துகளுக்கு இடையே எண்களைப் பொதிகிறோம். ஒற்றைப்படை எண் முறிப்புக்கு இடம் தரும். இரட்டைப்படை எண் தடுக்கும். ஒரே இடத்தில் பல கோவைகளின் எண்கள் மோதினால் பெரிய எண் வெல்லும். சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு புள்ளியால் குறிக்கலாம்.

மேலே சொன்ன நம்பிக்கையும் விண்ணும் இந்த முறையில் எப்படிப் பிரிகின்றன என்பதைச் சொன்னால் முறையின் அழகு தெரியும். உயிருக்குப் பின் மெய் வந்தால் நடுவில் 1 என்பது பொது விதி. அது ஏக்கும் டிக்கும் இடையே முறிக்க இடம் தருகிறது. டிக்கும் இசட்டுக்கும் இடையே 2 என்பது அடுத்த விதி. அது இணையெழுத்தைக் காக்கிறது. இவ்விரண்டால் ‘ந-ஜெ-ய’ சரியாக வந்துவிடும். இனி, சொல்லின் தொடக்கத்தில் என், ஏ, டி, இசட், ஐ, ஈ, எம் என்னும் நீண்ட கோவை ஒன்றை எழுதி, அதில் ஏக்கும் டிக்கும் இடையே 4, டிக்கும் இசட்டுக்கும் இடையே 3 என்று வைக்கிறேன். நான்கு ஒன்றை வென்று முதல் வெட்டை அடைக்கிறது, மூன்று இரண்டை வென்று அடுத்த வெட்டைத் திறக்கிறது, ‘நத்-ஜெம்-ஸ்கி’ கிடைக்கிறது. கோவையை எம் வரை கொண்டுபோவது இன்றியமையாதது. பூரணம் வைத்தல் என்னும் பொருளுள்ள ‘ந-ஜெ-வச்’ என்ற வினையும் அதே ஆறு எழுத்துகளில்தான் தொடங்குகிறது. ஏழாவது எழுத்தில்தான் விலகுகிறது. இந்த முறையில் எழுதிய கோவைகள் அனைத்தும், எண் வடிவில் சுருக்கி எழுதப்பட்ட சொற்பிறப்பியல் என்றே எனக்குத் தோன்றின.

முன்னொட்டின் எல்லையைக் காக்க வேண்டும் என்றால் பிறப்பை எவ்வளவு தூரம் தோண்டுவது என்ற கேள்வி வரும். பகுத்தறிவைக் குறிக்கும் ‘ரொஸும்’ என்ற சொல் ‘ரொஸ்’ என்ற முன்னொட்டும் மனத்தைக் குறிக்கும் பழைய ‘உம்’ என்ற அடியும் சேர்ந்தது. ஆனால் இன்று போலிஷ் பேசுபவர் யாரும் அதை இரண்டாகக் கேட்பதில்லை. எனவே அது ‘ரொ-ஸும்’ என்றே முறியும். மாறாக, ஆல்கஹால் கலவாத என்று பியர் பாட்டில்களின் லேபிளில் காணும் சொல் ‘பெஸ்-அல்-கொ-ஹொ-லொ-வி’. அதில் ‘இன்றி’ என்ற முன்னொட்டைக் குழந்தையும் உணரும். இன்று பேசுபவர் உணரும் எல்லைதான் எல்லை. அகராதியின் பிறப்பியல் குறிப்பைப் பார்த்துக் கோவை எழுதும்போது இந்த வரம்பைக் கடக்காமல் இருக்க வேண்டும். 

சில நேரம் ஒரே வினைக்குள்ளேயே எல்லை இடம் மாறும். பிரித்தெடுப்பேன் என்பது ‘ரொஸ்-ப்யொ-ரென்’. அதே வினையின் எச்ச வடிவம் ‘ரொ-ஸெ-ப்ரச்’. பழைய ஸ்லாவிய மொழியில் இருந்த மிகக் குறுகிய உயிர்கள் சில இடங்களில் மறைந்தும் சில இடங்களில் எகரமாக வலுப்பெற்றும் போனதால் வந்த வேறுபாடு இது. 1889-இல் செக் மொழியியலாளர் அன்தொனீன் ஹவ்லீக் இதன் ஒழுங்கை விதியாக வகுத்தார். அடிச்சொல் இரண்டு மெய்களோடு தொடங்கி அதற்குள் உயிர் மறைந்திருந்தால், முன்னொட்டு ஓர் எகரத்தைத் தாங்கி வருகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் வாசிப்பவருக்கு அச்சம் விலகும்.

சொல்லின் பின்பக்கத்தில் நிலைமை நேர்மாறானது. முன்னொட்டு தன் கடைசி மெய்யை அடுத்த உயிருக்கு விட்டுக்கொடுப்பதில்லை; அடிச்சொல்லோ பின்னொட்டுக்குத் தயங்காமல் விட்டுக்கொடுக்கிறது. ஈற்று மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவது நமக்குப் பழகிய புணர்ச்சி. போலிஷில் அது பின்னொட்டில் நடக்கும், முன்னொட்டில் நடக்காது. நீண்ட சொற்களை வைத்து விளையாடும் போலிஷ்காரர்கள் விரும்பிச் சொல்லும் ஒரு சொல்லில் இதை முழுதாகக் காணலாம்: 

கொன்-ஸ்தன்-தி-நொ-பொ-லி-தஞ்-சி-க்யெ-வி-சுவ்-ன.

முப்பத்திரண்டு எழுத்துகள், பன்னிரண்டு அசைகள். கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் அடிச்சொல். அதனுடன் ஊர்வாசியைக் காட்டும் ஒட்டு சேர்ந்து அந்நகரத்து ஆள் ஆகிறது. மகன்வழிக் குடும்பப் பெயரைக் காட்டும் ‘யெவிச்’ சேர்ந்து குடும்பப் பெயர் ஆகிறது. மணமாகாத மகளைக் காட்டும் ‘உவ்ன’ சேர்ந்து அந்தக் குடும்பத்து மகள் ஆகிறது. இந்தக் கடைசி ஒட்டு இன்று வழக்கில் அருகிவிட்டது. உறுப்புகளின்படி பிரித்தால் ‘சிக் + யெவிச் + உவ்ன’. அசைப்படி பிரித்தால் ‘சி-க்யெ-வி-சுவ்-ன’. ககரமும் சகரமும் தம் வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன. எனவே நிரலில் பின்னொட்டுகளுக்கென ஒரு கோவையும் எழுதவில்லை. பொது விதியே அங்கு போதுமானது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எழுத்துமுறை மாற்றத்தின்படி ஊர்வாசிகளைக் குறிக்கும் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். கோவைகள் அனைத்தும் சிறிய எழுத்துக்கு மாற்றியபின் ஒப்பிடப்படுவதால் அது பிரிப்பைப் பாதிக்கவில்லை.

தொகைச்சொற்களில் இன்னோர் உறுப்பு வருகிறது. இரண்டு அடிச்சொற்களுக்கு நடுவே ஓர் ஒகரம் நின்று இணைக்கிறது. பொருள் எதுவும் தராமல் பொருத்துவதை மட்டும் செய்வதால் அதை நான் சாரியை என்றே குறித்துவைத்தேன். உண்மையையும் ஒப்புமையையும் இந்த ஒகரத்தால் இணைத்துப் பிறந்த சொல் ‘நிகழக்கூடிய’ என்று பொருள்படும். அதன் உச்ச வடிவமாகிய ‘நய்-ப்ரவ்-தொ-பொ-தொப்-ன்யெய்’, பெரும்பாலும் என்ற பொருளில் செய்தித்தாளிலும் பேச்சிலும் அன்றாடம் வருவது. மாணவர்கள் அதைக் கண்டு முதலில் மலைக்கிறார்கள். ‘நய்’ உச்சத்தைக் காட்டுவது என்று முதலில் பிரித்துக் காட்டிவிட்டு, ஒகரத்தில் ஒரு நொடி நிறுத்தச் சொன்னால் ஒரே மூச்சில் படித்துவிடுகிறார்கள்.

எண்ணுப்பெயர்கள் இந்தச் சாரியையின் தாராளமான களம். 1995-இல் நாணயச் சீர்திருத்தம் வந்து, பத்தாயிரம் பழைய ஸ்வொத்திக்கு ஒரு புதிய ஸ்வொத்தி என்றான பிறகு புழக்கத்துக்கு வந்த சில்லறைக் காசுகளில் ஒன்று ஐம்பது க்ரொஷ். அந்தக் காசின் பேச்சுவழக்குப் பெயர் ‘ப்யென்ச்-ஜெ-ஷென்-சொ-க்ரொ-ஷுவ்-க’. ஐந்து, பத்து, சாரியை போன்ற ஒகரம், க்ரொஷ், பெயராக்கும் ஒட்டு என்று நிற்கின்ற ஏழசைச் சொல் அது. கடையில் கல்லாவுக்கு முன் நின்று சொல்ல வேண்டிய சொல் என்பதால் கையேட்டில் இதற்குத் தனி இடம் கொடுத்தேன். எண்பத்தெட்டு வயதான என்பது ‘ஒ-ஷெம்-ஜெ-ஷென்-சொ-ஒ-ஷ்ம்யொ-லெத்-னி’. இதில் சாரியை ஒகரமும் எட்டு என்னும் எண்ணின் முதல் ஒகரமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. தமிழில் இவ்விடத்தில் உடம்படுமெய் தோன்றியிருக்கும். போலிஷில் எதுவும் தோன்றாது, இரண்டு ஒகரங்களும் தனித்தனி அசையாக ஒலிக்கும். வகுப்பில் தமிழரோ மலையாளியோ இருந்தால் இங்கே நாக்கு தானாகவே ஒரு வகரத்தைச் செருகிவிடுகிறது. நிரலைப் பொருத்தவரை, ஓ எழுத்து இரண்டு அடுத்தடுத்து வந்தால் நடுவில் வெட்டு என்பதே விதி.

முன்னொட்டு, அதன்மேல் முன்னொட்டு என்று அடுக்கிய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது, கூட்டுப் பொறுப்பைக் குறிக்கும் ‘ஃப்ஸ்புவ்-ஒத்-பொ-வ்யெ-ஜல்-நொஷ்ச்’. உடன் என்னும் முன்னுறுப்பு வகரத்தில் முடிகிறது. அடுத்து ஒகரத்தில் தொடங்கும் ‘ஒத்’. ஒலியை மட்டும் கேட்டால் வகரம் ஒகரத்தின் மேல் ஏறி ‘ஃப்ஸ்பு-வொத்’ என்றாகிவிடும். விரைவான பேச்சில் அப்படி ஒலிக்கவும் கூடும். எழுத்தில் அது கூடாது. உடன், மறுமொழி சொல்லுதல், தன்மை என்று பிரித்துப் பார்ப்பவருக்குச் சொல்லின் பொருளும் வெட்டின் இடமும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

அழுத்தம் குறிப்பது ஒப்பீட்டளவில் எளிய வேலை. ஈற்றயல் அசையில் அழுத்தம் என்பது பொது விதி. கணிதம் ‘ம-தெ-ம-தி-க’ போன்ற வேற்றுமொழிச் சொற்களில் கடைசியிலிருந்து மூன்றாம் அசை அழுத்தம் பெறும். பல்கலைக்கழகம் ‘உ-னி-வெர்-சி-தெத்’ என்று வேற்றுமை உருபு ஏற்காமல் நிற்கும்போது மூன்றாம் அசையாகிய ‘வெர்’ அழுத்தம் பெறும். உருபு ஏற்று ‘உ-னி-வெர்-சி-தெ-து’ ஆனதும் பொது விதிக்குத் திரும்பி ‘தெ’ அழுத்தம் பெறும். வினைகளில் மட்டும் கவனம் வேண்டும். செய்தோம் என்பது ‘ஸ்ரொ-பி-லி-ஷ்மி’, செய்திருப்போம் என்னும் நிபந்தனை வடிவம் ‘ஸ்ரொ-பி-லி-பி-ஷ்மி’. இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசைக்கே உரியது. தன்மைப் பன்மையைக் காட்டும் ‘ஷ்மி’ ஒருகாலத்தில் ‘இரு’ என்னும் துணைவினையாகத் தனித்து நின்று பின்னர் ஒட்டிக்கொண்டது. வந்து ஒட்டியதால் அது அழுத்தத்தை நகர்த்துவதில்லை. பேச்சில் பலர் ஈற்றயலுக்கே கொண்டுபோய்விடுகிறார்கள் என்றாலும் கையேட்டில் செந்நெறியையே காட்டினேன். ‘ஷ்மி’, ‘ஷ்செ’, ‘பி’ ஆகிய மூன்றையும் நிரல் முதலில் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சியதில் ஈற்றயலைத் தேடுகிறது. அழுத்தத்திலும் சொல்லின் பிறப்பே தீர்மானிக்கிறது.

வரி முறிப்புக்கு வந்தபோது அச்சு மரபு சார்ந்த இரண்டு விதிகளைச் சேர்த்தேன். உள்ளே என்று பொருள்படும் முன்னிடைச்சொல்லும், உடன் என்று பொருள்படும் இன்னொன்றும் ஒற்றை மெய்யெழுத்துகள். உயிர் இல்லாததால் அவற்றுக்கு அசை பூச்சியம். ஒலிக்கும்போது அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அச்சிலும் அவ்வாறே நடக்க வேண்டும். ஓரெழுத்துச் சொல் வரி முடிவில் தனியே தொங்குவதைப் போலந்து அச்சுக்கோப்பாளர்கள் ‘ஷெரொத்க’, அதாவது சிறு அனாதை என்று அழைத்துத் தவிர்க்கிறார்கள். அந்தச் சொற்களுக்குப் பின் முறியாத இடைவெளியை நிரலே இட்டுவிடுகிறது. மற்றொன்று, இடைக்கோடு இட்டு எழுதும் தொகைகள். வெள்ளை-சிவப்பு என்று கொடியைக் குறிக்கும் ‘ப்யவொ-செர்வொனி’ அந்தக் கோட்டிலேயே முறிந்தால், முதல் வரியின் முடிவில் ஒரு கோடும் அடுத்த வரியின் தொடக்கத்தில் இன்னொரு கோடும் வர வேண்டும். அப்போதுதான் அந்தக் கோடு சொல்லுக்கே உரியது, முறிப்பினால் வந்ததன்று என்று படிப்பவருக்குத் தெரியும். குறுகிய பத்தியில் இது பலமுறை நேர்ந்தது.

நிரலால் தீர்மானிக்க முடியாத சொற்களை, அது தானாக எங்கேயாவது வெட்டிவிடாமல், கேள்விக்குறியுடன் தனியே எழுதிவைக்கும்படி செய்திருக்கிறேன். ‘பொத்’, ‘ஒத்’, ‘நத்’, ‘ரொஸ்’ என்று தொடங்கி, அறிந்த அடி எதுவும் பின்தொடராத சொற்களே அந்தப் பட்டியலில் மிகுதி. ஒவ்வொரு பாடம் சேரும்போதும் அவற்றை அகராதியில் பார்த்து, வகுப்பை நடத்தும் ஆசிரியையிடம் ‘இதில் முன்னொட்டு காதில் விழுகிறதா?’ என்று கேட்டு, அவர் சொல்வதைக் கோவையாக எழுதிச் சேர்க்கிறேன்.